பத்து மைக்ரோகிராம் எஃப்ஜிஎஃப்2 குப்பி: தவளைக் கருவுக்கு வாங்கலாமா?

வாங்கலாம், தயங்க வேண்டாம். எஃப்ஜிஎஃப்2 செல்களுக்குச் செய்தி சொல்லும் வளர்ச்சிக் காரணிப் புரதம். ஜெனோபஸ் லேவிஸ் என்ற ஆப்பிரிக்கத் தவளையின் கருவில் நரம்பு மண்டலம் முன்பக்கம் மூளையாகவும் பின்பக்கம் தண்டுவடமாகவும் எப்படிப் பிரிகிறது என்று பார்க்க, கொடுக்கும் காசுக்கு இவ்வளவு வேலை செய்யும் புரதம் வேறு இல்லை. ஆனால் "எஃப்ஜிஎஃப் நரம்புத் திசுவைத் தூண்டுமா, தூண்டாதா" என்ற ஒற்றைக் கேள்வியோடு வாங்கினால் இது ஏமாற்றிவிடும். கருவுக்கு எத்தனை மணி நேர வயது ஆகும்போது கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒரே குப்பியிலிருந்து எடுத்த ஒரே புரதம் இரண்டு வேறு பதில்களைச் சொல்லும். கூடவே வரும் விவரத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. அந்தத் தாளில் உள்ள எண்கள் 37 டிகிரி வெப்பத்தில் வளரும் எலி செல்களை வைத்துக் கணக்கிட்டவை.

இது ஒரு நிறுவனத்தின் சரக்கைப் பற்றிய மதிப்புரை இல்லை. ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, உறையவைத்து உலர்த்தி விற்கப்படும் மனித எஃப்ஜிஎஃப்2 எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். தவளைச் செல்களின் மேல் இத்தகைய செய்தியைப் பிடிக்கும் ஏற்பிகள் அதைத் தயக்கமில்லாமல் ஏற்றுக்கொள்ளும். இதே சோதனைக்காக நாகின் என்ற புரதமும், எஃப்ஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் எஸ்யூ5402 என்ற தடுப்பானும் சேர்த்தே வாங்கப்படுவதால் அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

முதலில் இந்தப் புரதம் கருவில் எங்கே வந்து நிற்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1924-இல் வெளியிட்ட சோதனையில் ஹான்ஸ் ஸ்பீமனும் ஹில்டே மாங்கோல்டும் நியூட் கருவின் பிளாஸ்டோபோர் மேலுதட்டை, அதாவது செல்கள் கருவுக்குள் நுழையும் துளையின் மேல் விளிம்பை, இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது நரம்புத் தண்டு உருவானது. அந்த உதடு என்ன பொருளை அனுப்புகிறது என்பது தெரிய 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாகின், கார்டின், ஃபாலிஸ்டாட்டின் என்று ஒவ்வொன்றாகக் கிடைத்தபோது, எல்லாமே பிஎம்பி என்ற வளர்ச்சிக் காரணியைப் பிடித்து முடக்குபவை என்று தெரிந்தது. கருவின் வெளி அடுக்கான புறப்படையின் செல்லுக்கு பிஎம்பி எட்டினால் அது மேல்தோலாகும், எட்டாவிட்டால் நரம்பாகும். எஃப்ஜிஎஃப் இதே பாதைக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறது. பிஎம்பியின் செய்தியைச் செல்லுக்குள் சுமந்து செல்வது ஸ்மாட்1 என்ற புரதம். எஃப்ஜிஎஃப் தன் ஏற்பி வழியாக மேப் கைனேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்ப, அது ஸ்மாட்1-இன் நடுப்பகுதியில் பாஸ்பேட்டை ஏற்றி அதன் வேலையைக் குறைத்துவிடுகிறது. டி ராபர்டிஸ் ஆய்வகம் 2003-இல் எஃப்ஜிஎஃப், ஐஜிஎஃப் (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி) இரண்டுக்கும் இதைக் காட்டியது. ஆக நாகின் பிஎம்பியைச் செல்லுக்கு வெளியே பிடிக்கிறது, எஃப்ஜிஎஃப் உள்ளே அதன் குரலைத் தணிக்கிறது. இதற்கு மேல் எஃப்ஜிஎஃப் செய்யும் இன்னொரு வேலைதான் இந்தக் குப்பியின் உண்மையான பயன்: உருவான நரம்புத் திசுவை அது பின்பக்கமாக, தண்டுவடம் நோக்கித் தள்ளும்.

இனி குப்பிக்கு வருவோம். பத்து மைக்ரோகிராம் தூள் கண்ணுக்குத் தெரியாது. நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் மெல்லிய படலம் போல ஏதோ இருக்கும், அவ்வளவுதான். பாதித் தூள் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கலாம் என்பதால் திறப்பதற்கு முன் மைக்ரோ சென்ட்ரிஃப்யூஜில் அரை நிமிடம் சுற்றுவதைத் தவிர்க்கவே கூடாது. பிறகு 0.1 சதவீதம் பிஎஸ்ஏ (மாட்டுச் சீரத்து அல்புமின் புரதம்) கலந்த, வடிகட்டிய பஃபர் 100 மைக்ரோலிட்டர் சேர்த்து, பக்கச் சுவரையும் நனைத்து, பத்து நிமிடம் சும்மா விடுங்கள். வோர்டெக்ஸ் கருவியில் குலுக்க வேண்டாம். இப்போது மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் ஸ்டாக் (மூலக் கரைசல்) தயார். இந்த அளவில் கரைப்பதில் ஒரு வசதி உண்டு: ஒரு மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு மில்லிலிட்டர் ஊடகத்தில் கலந்தால் நேராக 100 நானோகிராம் வந்துவிடும். ஒரு குப்பி, வளர்ப்புத் தட்டில் நூறு குழிகள். ஐந்தைந்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, புரதம் ஒட்டாத வகை டியூப்களில் மைனஸ் 80-இல் வையுங்கள். ஒருமுறை உருக்கியதை மீண்டும் உறைய வைக்காதீர்கள்.

பிஎஸ்ஏவைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு "சரக்கு செத்துவிட்டது" என்று விற்பவர்மேல் பழி போடுகிறார்கள். நானோகிராம் அளவில் எஃப்ஜிஎஃப்2 பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு கரைசலிலிருந்து காணாமலே போய்விடும். ஸ்டாக்கில் மட்டும் போதாது, திசுவை வளர்க்கும் ஊடகத்திலும் 0.1 சதவீதம் பிஎஸ்ஏ இருக்க வேண்டும். செல் வளர்ப்பில் சேர்க்கச் சொல்லும், எஃப்ஜிஎஃப்பைப் பற்றிக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலியான ஹெப்பாரின் இங்கே வேண்டாம். நாகினும் ஹெப்பாரினைப் பற்றிக்கொள்ளும் புரதம் என்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் சோதனையில் எதன் விளைவு எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

எவ்வளவு கொடுப்பது? அனிமல் கேப் எனப்படும், கருவின் மேல்துருவத்திலிருந்து வெட்டி எடுத்த கருநிறத் தொப்பிக்கு மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 நானோகிராம். விவரத் தாளில் 1 நானோகிராமுக்கும் கீழே வேலை செய்யும் என்று போட்டிருப்பதைப் பார்த்து அளவைக் குறைக்காதீர்கள். தொப்பியின் வெளிப்புறச் செல்கள் இறுக்கமான தோல் போல நின்று புரதத்தை உள்ளே விடாது. கால்சியம் நீக்கிச் செல்களைத் தனித்தனியாகப் பிரித்தால் இதைவிட மிகக் குறைந்த அளவே போதும். கெங்காகுவும் ஒகாமோட்டோவும் அப்படிப் பிரித்த செல்களில்தான், அளவு ஏற ஏற மூளையின் அடையாளங்கள் மறைந்து தண்டுவடத்தின் அடையாளங்கள் வருவதை 1995-இல் காட்டினார்கள். அளவு வரிசை போட நினைப்பவர்கள் 10, 30, 100 என்று மூன்று படிகள் வைத்தால் நன்றாக இருக்கும்.

நேரம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம். 23 டிகிரியில், தவளைக் கருவின் வளர்ச்சியை எண்ணிட்ட நிலைகளாகப் பிரிக்கும் நியூகூப்–ஃபேபர் அட்டவணைப்படி, கருவுற்ற ஐந்து மணி நேரத்தில் 8-ஆம் நிலை, ஏழில் 9, ஒன்பதில் 10, பதினொன்றில் 10.5. 8 அல்லது 9-ஆம் நிலையில் வெட்டிய தொப்பிக்கு எஃப்ஜிஎஃப்2 கொடுத்தால் அது, தசை போன்றவை உருவாகும் நடு அடுக்கான இடைப்படையாக மாறும். 1987-இலேயே தெரிந்துவிட்ட உண்மை இது. அந்த இடைப்படை பக்கத்துச் செல்களுக்குத் தானே செய்தி அனுப்பி நரம்புத் திசுவை உண்டாக்கலாம். இறுதியில் நரம்பின் அடையாளமான என்கேம் மரபணுவின் பட்டை ஜெல்லில் தெளிவாகத் தெரியும், ஆனால் அதை எஃப்ஜிஎஃப் நேரடியாகச் செய்தது என்று சொல்ல வழியில்லை. 10.5-ஆம் நிலையில் வெட்டினால் புறப்படை இடைப்படையாகும் திறனை இழந்திருக்கும். நரம்பாகும் திறன் மட்டும் இன்னும் இருக்கும். லாம்பும் ஹார்லண்டும் 1995-இல் இந்தச் சாளரத்தைப் பயன்படுத்தித்தான் எஃப்ஜிஎஃப் நேரடியாகவே நரம்பைத் தூண்டும் என்று காட்டினார்கள். எனவே இடைப்படையின் அடையாளங்களான பிராக்கியூரியும் தசை ஆக்டினும் இல்லை என்று காட்டாத எந்த நரம்புத் தூண்டல் முடிவையும் நம்ப வேண்டாம், அது உங்களுடையதாக இருந்தாலும்.

10.5-இல் வெட்டுவது எளிதல்ல. கருவின் கூரை மெலிந்து இரண்டு மூன்று அடுக்காகியிருக்கும். முதுகுப் பக்கப் புறப்படை ஏற்கெனவே உதட்டிலிருந்து செய்தி வாங்கத் தொடங்கியிருக்கும். அதனால் உச்சியிலோ, கொஞ்சம் வயிற்றுப் பக்கம் தள்ளியோ, அரை மில்லிமீட்டருக்கு மேல் போகாத சதுரமாக எடுங்கள். கரு மொத்தமே 1.2 மில்லிமீட்டர்தான் என்பதை நினைவில் வையுங்கள். 2 சதவீத சிஸ்டீனை பிஎச் 7.8 முதல் 8.0 வரை சரிசெய்து, அதில் ஜெல்லியை நீக்கிய கரு, 1 சதவீத அகரோஸ் பூசிய தட்டு, 5-ஆம் எண் ஃபோர்செப்ஸ் இரண்டு, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) கலந்த ஊடகம்: தேவைப்படுவது இவ்வளவுதான். கருவைச் சுற்றியுள்ள விட்டலின் உறையை வயிற்றுப் பக்கத்திலிருந்து உரித்தால் தவறி ஏற்படும் கீறல் நமக்குத் தேவைப்படாத இடத்தில் விழும்.

வெட்டி முடித்த தொப்பியை மைக்ரோஸ்கோப்பின் கீழ் கொஞ்ச நேரம் பாருங்கள். முதல் நிமிடம் அது தட்டையாக, உட்புற வெளிர் செல்கள் மேலே தெரியக் கிடக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் ஓரங்கள் மெல்ல மேலே எழும், கிண்ணம் போல. பிறகு கருநிற விளிம்புகள் ஒன்றை ஒன்று தேடி வந்து, சுருக்குப் பையின் வாய் போல இறுகும். அரை மணி நேரத்துக்குள் அது உருண்டையாகிவிடும். அதன் பிறகு ஊற்றும் எந்தப் புரதமும் வெளித்தோலைத் தாண்டி உள்ளே போகாது. எஃப்ஜிஎஃப் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது: முப்பது தொப்பிகளையும் வெட்டி முடித்துவிட்டு, பிறகு மொத்தமாகப் புரதத்துக்கு மாற்றுகிறார்கள். முதலில் வெட்டியவை அதற்குள் மூடியிருக்கும். புரதம் கலந்த குழியைத் தயாராக வைத்துக்கொண்டு, வெட்டியதும் ஒவ்வொன்றாக உட்புறம் மேலே பார்க்க அதில் இடுங்கள். கால்சியமும் மெக்னீசியமும் குறைந்த ரிங்கர் கரைசலில் மூடுவது மிகவும் மெதுவாக நடக்கும். லாம்ப்–ஹார்லண்ட் சோதனை அந்த ஊடகத்தையே நம்பியது. ஆனால் கால்சியம் மிகவும் குறைந்தால் செல்கள் உதிரும்.

உதிர்வது வெறும் திசு நஷ்டத்தோடு முடிவதில்லை. 2005-இல் டி ராபர்டிஸ் ஆய்வகமே காட்டியபடி, செல்களைப் பிரிக்கும் செயல் மட்டுமே மேப் கைனேஸைப் பல மணி நேரம் விழித்திருக்கச் செய்யும். எஃப்ஜிஎஃப் துளிகூட இல்லாமலே செல்கள் நரம்பாகிவிடும். கத்தி பட்ட காயமும் அதே கைனேஸைக் கொஞ்ச நேரம் தூண்டும். ஆகவே எஃப்ஜிஎஃப் கொடுக்காத, மற்றபடி அதே நிமிடத்தில் வெட்டி அதே நிமிடத்தில் எடுத்த தொப்பிகள் ஒவ்வொரு முறையும் வேண்டும். பாஸ்பேட் ஏறிய ஈஆர்கேவை (அதே மேப் கைனேஸ்தான்) ஆன்டிபாடி வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் கறாரான விதி.

உடன்பிறந்த முழுக் கருக்கள் 20 முதல் 22-ஆம் நிலைக்கு வரும்போது, குழிக்குப் பத்துப் பதினைந்து தொப்பிகளைச் சேர்த்து ஆர்என்ஏ எடுங்கள். பார்க்க வேண்டியவை: பொதுவான நரம்புக்கு சாக்ஸ்2, என்கேம், முன்மூளைக்கு ஓடிஎக்ஸ்2, நடுமூளை–பின்மூளை எல்லைக்கு என்கிரெயில்டு2, பின்மூளைக்கு குரோக்ஸ்20, தண்டுவடத்துக்கு ஹாக்ஸ்பி9, தோலுக்கு மேல்தோல் கெரட்டின். தசை ஆக்டினைப் பற்றி மேலேயே சொன்னோம். பிராக்கியூரி கேஸ்ட்ருலாவிலேயே, அதாவது 10-ஆம் நிலையில் தொடங்கும் கட்டத்திலேயே, தெரியும் மரபணு. அதற்காகக் கொஞ்சம் தொப்பிகளை உடன்பிறந்தவை 11-ஆம் நிலையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். 20-ஆம் நிலையில் தேடிப் பயனில்லை. எஃப்ஜிஎஃப் மட்டும் பெற்ற தொப்பி பின்பக்க அடையாளங்களைக் காட்டும். நாகின் மட்டும் பெற்றது முன்பக்கத்தோடு நின்றுவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் இடையிலுள்ள என்கிரெயில்டு2, குரோக்ஸ்20 உட்பட முழு வரிசையும் வரும். இந்த ஒரு ஜெல்லுக்காகவே குப்பி வாங்கலாம் என்று சொல்கிறோம். அந்தப் படம், நரம்பாவது ஒரு முடிவு, நரம்பின் எந்தப் பகுதியாவது இன்னொரு முடிவு என்பதைக் கண்முன்னே காட்டிவிடும்.

தொப்பி நீண்டு விரல் போல வளர்ந்தால் இடைப்படை கலந்துவிட்டது என்று பொருள். சதுரம் பெரிதாகியிருக்கும், அல்லது கரு நினைத்ததைவிட இளையதாக இருந்திருக்கும். சாம்பல் நிறத் துகள்களாக நொறுங்கினால் பாக்டீரியா அல்லது கால்சியம் பற்றாக்குறை. தட்டில் ஒட்டிக்கொண்டு பரவினால் அகரோஸ் பூச்சில் ஓட்டை.

நாகின் புரதத்தைப் பற்றிய எங்கள் கருத்து: பணம் இருந்தால் வாங்குங்கள், ஆனால் தேவையில்லை. மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் அளவில் ஊற்ற வேண்டியிருப்பதால் பத்து மைக்ரோகிராம் குப்பி பத்துக் குழிகளோடு தீர்ந்துவிடும். இரண்டு செல் நிலையில் மேல்துருவத்தில் 10 முதல் 100 பிக்கோகிராம் நாகின் எம்ஆர்என்ஏ செலுத்தினால் அதே விளைவு மிக மலிவாகக் கிடைக்கும். எம்ஆர்என்ஏ தயாரிக்கும் எஸ்பி6 கிட் ஒருமுறை ஓட்டினால் வருடக்கணக்கில் வரும். மைக்ரோ இன்ஜெக்டர் இல்லாத ஆய்வகத்துக்கும், 10.5-ஆம் நிலைக்குப் பிறகே பிஎம்பியை அடைக்க வேண்டும் என்ற கேள்வி உள்ளவர்களுக்கும் மட்டும் புரதக் குப்பி பொருந்தும்.

எஃப்ஜிஎஃப்2-க்குப் பதில் எஃப்ஜிஎஃப்8 வாங்க நினைப்பவர்கள் லேபிளில் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். கருவில் இயற்கையாக வேலை செய்பவற்றில் எஃப்ஜிஎஃப்8 முக்கியமானது என்பதால் அந்த ஆசை நியாயமானது. ஆனால் அதற்கு 8ஏ, 8பி என்று வடிவங்கள் உண்டு. 8பியில் முன்முனையில் 11 அமினோ அமிலங்கள் கூடுதல். ஜெனோபஸில் 8பி வலுவாக இடைப்படையைத் தூண்டும், 8ஏ பின்பக்க நரம்பின் பக்கம் சாயும். 2006-இல் ஹார்லண்ட் ஆய்வகம் இதைப் பிரித்துக் காட்டியது. வெறும் "எஃப்ஜிஎஃப்8" என்று மட்டும் போட்டிருந்தால் வாங்கும் முன் எந்த வடிவம் என்று எழுதிக் கேளுங்கள்.

எஸ்யூ5402-ஐப் பரிந்துரைப்பதில் எங்களுக்குத் தயக்கம் உண்டு. எஃப்ஜிஎஃப் ஏற்பியை அடைக்கும் இந்தச் சிறு மூலக்கூறுக்கு ஒரு பெரிய நன்மை: எந்த மணி நேரத்திலும் சேர்க்கலாம். 1991-இல் வந்த, வால் வெட்டப்பட்ட ஏற்பியின் எம்ஆர்என்ஏ முறையில் அது முடியாது. அது முதல் செல் பிரிவிலிருந்தே தடுக்கும். ஆனால் தவளைக் கருவுக்கு 20 முதல் 100 மைக்ரோமோலார் தேவைப்படுகிறது. மூலக்கூறு எடை 296. 80 மைக்ரோமோலாரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 24 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராம் குப்பியில் 42 மில்லிலிட்டர்தான் வரும். இந்த அளவில் அது விஇஜிஎஃப் என்ற வேறொரு வளர்ச்சிக் காரணியின் ஏற்பியையும் தொடும். டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த ஸ்டாக்கை நேராக ஊடகத்தில் கொட்டினால் படிகமாக அடியில் உட்கார்ந்துவிடும்; ஊடகத்தைச் சுழற்றிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள், பிறகு தட்டின் அடியை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். படிகம் தெரிந்தால் அந்தக் குழியின் அளவு எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. டிஎம்எஸ்ஓ 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த கருக்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். அடைப்பு வேலை செய்ததா என்று பார்க்க, முழுக் கருவில் 11-ஆம் நிலையில் பிராக்கியூரி வளையம் மறைந்ததா என்று பாருங்கள். மறையாத தொகுதியில் நரம்பு மரபணு குறையவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. இதே பணத்துக்கு ஏற்பியைக் கூடுதல் துல்லியத்தோடு பிடிக்கும் பிடி173074-ஐயும் வாங்கி, இரண்டும் ஒரே முடிவைத் தருகின்றனவா என்று ஒப்பிடுவது நல்லது.

விலை கூடிய ரகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவத் தரம், விலங்குப் பொருள் கலவாதது, எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) மிகக் குறைவு என்று பல மடங்கு விலையில் விற்பவை தவளைத் தொப்பிக்கு எந்தக் கூடுதல் நன்மையும் தராது. வெப்பத்தைத் தாங்கும்படி மாற்றியமைத்த எஃப்ஜிஎஃப்2-உம் அப்படியே. சாதாரண எஃப்ஜிஎஃப்2 37 டிகிரியில் சில மணி நேரத்தில் வலுவிழப்பது உண்மைதான், ஆனால் தவளைத் தொப்பிகள் வளர்வது 16 முதல் 22 டிகிரியில். ஆய்வுத் தரத்தில், பிஎஸ்ஏ சேர்த்து உலர்த்திய, பத்து மைக்ரோகிராம் குப்பியே போதும். ஐம்பது மைக்ரோகிராம் மலிவாகத் தெரிந்தாலும், வருடத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் தொப்பி வெட்டும் இடத்தில் அதில் பாதி ஃப்ரீசரில் வீணாகும்.

புதிய குப்பி வந்ததும் நரம்புச் சோதனையில் நேராக இறங்காதீர்கள். 8.5-ஆம் நிலையில் பதினைந்து தொப்பிகளை வெட்டி உடனே 100 நானோகிராமில் இடுங்கள், இன்னொரு பதினைந்தை வெறும் ஊடகத்தில். உடன்பிறந்தவை 11-ஆம் நிலையைத் தொடும்போது இரண்டிலும் பிராக்கியூரி பாருங்கள். முதல் குழுவில் மட்டும் பட்டை வந்தால் புரதம் உயிரோடு இருக்கிறது. குப்பியின் லாட் எண்ணையும் தேதியையும் டியூப் பெட்டியின் மேல் எழுதிவிட்டு 10.5-க்குப் போகலாம். இரண்டிலும் வந்தால் சதுரம் பெரிதாகி இடைப்படை ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது, வெட்டும் கையைச் சரிசெய்ய வேண்டும். இரண்டிலும் வராவிட்டால், விற்பவருக்குக் கடிதம் எழுதும் முன் பிஎஸ்ஏ போட்டோமா, தொப்பி மூடுமுன் இட்டோமா என்ற இரண்டையும் பார்த்துவிட்டு, அடுத்த ஐந்து மைக்ரோலிட்டர் டியூபை உருக்குங்கள்.